காலி அறைப் பாடம்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினான்காம் அறையின் விளக்கு தானாக எரிந்தது. அதன்பின் அணையவில்லை.

ஜெபசிங் வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தான். பல்லடம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த இல்லம். நினைவு திரும்பாமல் படுத்துவிட்டவர்களுக்கான இடம். நாற்பது அறைகள், அறைக்கு ஒரு கட்டில். ஆறு வருடங்களுக்கு முன் நாற்பது அறைகளின் கூரையிலும் சென்சார் பொருத்தியவன் அவன்தான். பொருத்திய பிறகு ஒரு தடவைகூடப் பழுதென்று அவனைக் கூப்பிட்டதில்லை. புது இடங்களில் வேலை கேட்கப் போகும்போது அதைச் சொல்லிக்கொள்வான்.

தலைமை நர்ஸ் பிரமிளா நடையில் கூடவே வந்தபடி விவரம் சொன்னாள். பதினான்கில் இருந்தவர் பூவாத்தாள். ஸ்கூட்டரின் பின்னாலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். இல்லம் திறந்த நாளிலிருந்து இங்கே. செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். புதன்கிழமை எரித்தாகிவிட்டது. மெத்தையை எடுத்து, கட்டிலைத் துடைத்து, தரையையும் கழுவியாயிற்று. விளக்கு மட்டும் எரிகிறது. சுவிட்சில் அணைத்தாலும் நர்ஸ்கள் கையிலிருக்கும் டேப்பின் தொடுதிரையில் அந்த அறைக்கு நேரே 'ஒருவர்' என்றே நிற்கிறது. துடைக்கிற பெண்கள் அந்தக் கதவைத் தாண்டும்போது எதிர்ச் சுவரை ஒட்டிப் போகிறார்கள். திங்கட்கிழமை புது நோயாளி வருகிறார்.

"தூசின்னு எழுதிக் குடுத்துருங்க தம்பி, போதும்," என்றாள். "எதுவோ ஒண்ணு. எனக்கு அது அணையணும்."

அவள் கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

நடையின் இரு பக்கமும் கதவுகள். கதவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி. பெரும்பாலானவற்றில் வெளிச்சம் தெரிந்தது. ஐந்தாறில் இருட்டு. குளிக்கவோ பயிற்சிக்கோ கூட்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பதினான்கின் கதவருகே பிரமிளா நின்றுவிட்டாள். "அவர் வேற உள்ள இருக்கார்," என்றாள். அவள் உள்ளே வரவில்லை.

வெறும் இரும்புக் கட்டிலின் பக்கத்தில் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. மடியில் ஒயர் கூடை. அதில் ஒரு சீப்பு, பவுடர் டப்பா, மடித்த இரண்டு நைட்டி. பூவாத்தாளின் கணவர் நாட்ராயன். காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் போவார், ஆறு வருடமும். செவ்வாய்க்கிழமை அவருக்குக் கண்புரை ஆபரேஷன். அவர் வராத பகல் அது ஒன்றுதான். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தகனம் முடிந்த கையோடு வந்து, அணையாத அந்த விளக்கின் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க தம்பி. கூரைக்காரருங்களா?"

"ஆமாங்கய்யா."

"அணைக்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?"

பார்க்கத்தான் என்று சொல்லி ஏணியை விரித்தான் ஜெபசிங்.

பெரியவர் பேசத் தொடங்கினார். முப்பத்தைந்து வருடம் சர்வேயராக இருந்தவர். சங்கிலி பிடித்து, கல் நட்டு, வரப்புத் தகராறுகளில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கி ஓய்வு பெற்றவர். பூவாத்தாளின் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்களாம். விளக்கு தானாக அணைகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"பேயின்னு நான் சொல்லலீங்க," என்றார். "அந்தப் புள்ளைங்கதான் பயந்து சாகுது. நான் ரெக்கார்டைப் பாத்து வேலை செஞ்சவன். ரெக்கார்டுல ஒருத்தர் இருக்காருன்னா, இல்லைன்னு காட்டற வரைக்கும் அவரு இருக்காரு. அவ்வளவுதானுங்க."

ஜெபசிங் தன் போனில் பார்த்தான். பதினான்கு: மூவர். அறையில் இருந்தது இரண்டு பேர்.

அவன் பதறவில்லை. இப்படி நூறு பார்த்திருக்கிறான். ஏசியின் காற்று திரையில் பட்டால் ஆள் என்று காட்டும். மருந்துத் தட்டு ஆடினால் காட்டும். ஏசியின் வாயை மூடினான். திரையைச் சுருட்டிக் கட்டினான். ஃபேனை நிறுத்தினான். தட்டு, சலைன் பாட்டில் தொங்கவிடும் கம்பி, குப்பைக்கூடை, எல்லாவற்றையும் வெளியே வைத்தான். மூவர். ஏணியில் ஏறி சென்சாரைத் திருகிக் கழற்றிப் புதியது ஒன்றை மாட்டினான். கீழே மின்னறையில் இருக்கும் பெட்டிதான் எல்லா அறைகளின் கணக்கையும் வைத்திருக்கிறது. புதிய சென்சார் அதனுடன் பேசி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

மூவர்.

ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்தான். கட்டிலைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

"அதுக்கு எப்படிங்க தெரியுது, ஆள் இருக்கறது?" என்று கேட்டார் நாட்ராயன்.

"பழசெல்லாம் அசைவைத்தான் பாக்கும். பாத்ரூம்ல சும்மா உக்காந்திருந்தா லைட் போயிரும், பாத்திருப்பீங்க. இங்க இருக்கறவங்க அசைய மாட்டாங்கல்ல. அதனால இது மூச்சைப் பாக்கும். நெஞ்சு ஒரு நூல் ஏறி எறங்கினாப் போதும்."

"திரையுந்தான் ஏறி எறங்குது. அது மூச்சு, இது திரைன்னு தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா. முதல்ல காலி ரூமைச் சொல்லிக் குடுக்கணும். ஒருத்தரும் இல்லாம பத்து நிமிஷம். அந்த நேரத்துல ஃபேன், திரை, கீழ ஓடற ஜெனரேட்டர், எல்லாத்தையும் சேர்த்து இதுதான் காலின்னு எழுதிக்கும். அப்புறம் அதுலேருந்து எது மாறினாலும் ஆளுன்னு வெச்சுக்கும்."

"ஆரம்பக் கல்லு," என்றார் நாட்ராயன். அவருக்குப் பிடித்துப் போயிற்று. "அதை நட்டுட்டுத்தான் மத்ததெல்லாம் அளக்கணும். சரிதானுங்க." பிறகு சொன்னார்: "சாயங்காலம் நான் கெளம்பி நடையைத் தாண்டறதுக்குள்ள இந்த லைட்டு அணைஞ்சுரும். மத்த ரூமெல்லாம் மங்கலா எரிஞ்சுட்டே இருக்கும். இவ தூங்கட்டும்னு அணைக்குதாட்டம் இருக்குன்னு நெனச்சுக்குவேன். நல்ல மெசின்னு."

ஜெபசிங்குக்கு அந்த வாக்கியம் எங்கோ உறுத்தியது. எங்கே என்று அப்போது தெரியவில்லை.

காலி அறையின் பாடத்தை மறுபடி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னான். பத்து நிமிடம் எல்லாரும் வெளியே இருக்க வேண்டும்.

"காலின்னு எழுதறதுக்கு முன்னாடி, காலிதானான்னு பாக்கணுமில்லீங்களா?"

"அதுக்குத்தாங்கய்யா வெளிய வரச் சொல்றேன்."

நாட்ராயன் எழுந்தார். கூடையை ஸ்டூலின் மேல் வைத்தார். கட்டிலின் பக்கம் திரும்பி, "வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டபடி வெளியே நடந்தார்.

கதவைச் சாத்தினார்கள். போனில்: ஒருவர். ஜெபசிங் மருந்து வண்டியின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தான். நாட்ராயன் சற்றுத் தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிரமிளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

'மீண்டும் கற்பி' என்ற பொத்தானை அழுத்தினால் பழைய பாடம் அழிந்துவிடும். அழிப்பதற்கு முன் பழையதை ஒரு தடவை பார்ப்பது அவன் வழக்கம். திறந்தான். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. காலை பதினொன்று இருபது. கற்பித்தவர்: ஜெ.சி.

காலி அறையின் கோடு இழுத்துக் கட்டிய நூல் மாதிரி இருக்கும். அங்கங்கே ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான். இந்தக் கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. பத்து நிமிடமும்.

அவன் ஃபேனாக இருக்குமோ என்று பார்த்தான். ஃபேன் இவ்வளவு மெதுவாகச் சுற்றாது.

பிறகு நினைவு வந்தது. முழுவதும் வந்தது. இல்லம் திறக்க இரண்டு நாள் இருந்தது. பழைய கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் நோயாளிகளை முன்னாடியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் கட்டிலிலிருந்து எடுத்து வெளியே வைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி உள்ளே வைக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஆள் இரண்டு. இதே கதவருகில் ஒரு நர்ஸ், இவங்களைத் தூக்கணுமா என்று கேட்டாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். வேண்டாம் சிஸ்டர், அசையவா போறாங்க என்றான்.

அந்த நர்ஸும் அவனும் சிரித்திருந்தார்கள்.

அவன் பிரமிளாவைப் பார்த்தான். அவள் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறுவதையும் இறங்குவதையும் அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குப் படிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதுதான் அவள் தொழில்.

"நான் கேட்டேன்," என்றாள் மெல்ல.

"கேட்டீங்க."

"நீங்க வேண்டாம்னீங்க."

பூவாத்தாள் மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருப்பதுதான் அந்தக் கூரைக்குக் காலி அறை. ஆறு வருடம் அது அப்படியே வைத்திருந்தது. அவள் தனியாக இருந்தபோதெல்லாம் விளக்கை அணைத்தது. துளிகூட அசையாத ஆளுக்கு லைட் நிற்காது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவளைக் குளிக்கக் கொண்டுபோனபோது எரிந்ததை, நாட்ராயன் உள்ளே இருப்பதால் என்று நினைத்தார்கள். அந்தக் காரணங்கள் நன்றாகவே பொருந்தின. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

"செவ்வாய்க்கிழமை டேப்புல என்ன காட்டிச்சு?" என்று கேட்டான்.

பிரமிளா பெஞ்சின் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிச் சொன்னாள். டேப் வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது. இரவில் இன்னும் பழையபடி நோட்டு வைத்துத்தான் சுற்றுகிறார்கள். பகலில் ஒருத்தரைக் குளிக்க, ஒருத்தரைப் பயிற்சிக்கு என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோவதால், எந்த அறையில் ஆள் இருக்கிறது என்று டேப் சொல்லும். ஆள் இருக்கிற அறைக்குப் போனால் போதும். நடை மிச்சம். பூவாத்தாளுக்குத் தொண்டையில் குழாய். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

"காலைலேருந்து காலின்னு காட்டிச்சு. செவ்வாய்க்கிழமை பயிற்சி நாளு. கொண்டுபோயிருக்காங்கன்னு நெனச்சேன். நாலு மணி வாக்குல ஒருவர்னு வந்துச்சு. கொண்டாந்து விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். கையில ஒரு ஆள் இருந்தாங்க. அவங்களை முடிச்சுட்டு நாலு பத்துக்குப் போனேன்." நிறுத்தினாள். "அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அவன் செவ்வாய்க்கிழமையின் பதிவைத் திறந்தான். காலையிலிருந்து அதே ஏற்றமும் இறக்கமும், கூரைக்குப் பழகிய வெறுமை. மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கோடு துள்ளியது. தாறுமாறாக, பக்கத்தின் மேல் விளிம்பைத் தொட்டு, கீழ் விளிம்பைத் தொட்டு. எட்டு நிமிடம். பிறகு நேரானது. நூல் பிடித்தது போல நேரானது. அது கூரைக்குப் பழக்கமில்லாதது. அதை ஓர் ஆள் என்று குறித்துக்கொண்டு விளக்கை எரியவிட்டது. இன்னும் எரியவிட்டுக்கொண்டிருக்கிறது.

பொத்தான் திரையில் பச்சையாக இருந்தது. ஓர் அழுத்தல். பத்து நிமிடத்தில் அறை உண்மையாகவே காலியைக் கற்றுக்கொள்ளும். விளக்கு அணையும். பெரியவர் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். தூசி என்று எழுதினால் கையெழுத்துப் போட பிரமிளா இருக்கிறாள். அவள் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் பொத்தானின் மேல் இருந்தது.

"இதென்னங்க கோடு?"

நாட்ராயன் பின்னால் வந்து நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். ஆபரேஷன் ஆன கண் சிவந்து நீர் வடிந்தது. மற்றக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார். திரையின் கீழ்ப் பாதியில் பழைய பாடம் திறந்தபடி இருந்தது. அவர் பார்த்தது அதை. புல வரைபடத்தைப் படிக்கிறவர் போல விரலை வைத்துக்கொண்டு கோட்டின் மேலேயே நகர்ந்தார். உதடு அசைந்தது. எண்ணினார். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பதினாறு," என்றார். "அப்புறம் ஒரு பெரிய மூச்சு. மறுபடி பதினாறு." நிமிர்ந்தார். "இது அவதானுங்க தம்பி. வேற வேலை என்ன எனக்கு, ஆறு வருசம் இதைத்தான எண்ணிட்டிருந்தேன்."

ஜெபசிங் லேப்டாப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"ஐயா, இது காலி ரூமோட கோடு," என்றான்.

பிறகு சொன்னான். ஸ்ட்ரெச்சரைச் சொன்னான், தான் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னான், டேப்பைச் சொன்னான். பிரமிளா சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்லச் சொல்ல அவனுக்கே அது யாரோ வேறொருவனின் வாக்குமூலம் போலக் கேட்டது. நாட்ராயன், எல்லைத் தகராறில் ஒரு கட்சிக்காரன் பேசும்போது நிற்பது போல, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப டேப்புல தெனமும் ஒருவர், ஒருவர்னு காட்டுனது?"

"அது நீங்கங்கய்யா."

நாட்ராயனுக்கு அது மெல்லப் புரிந்தது. தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததால்தான் இந்த மூன்று வாரமும் நர்ஸ் வந்திருக்கிறாள். தான் வராத அந்த ஒரு நாளில் யாரும் வரவில்லை. அவர் கை, கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவியது. அது மறு கையில் இருந்தது.

விரல் திரையின் மேல் பாதிக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை.

"இங்க ஏன் இப்படித் துள்ளுது?"

"அது..." என்றான் ஜெபசிங். "ஜன்னல் காத்துங்கய்யா."

"அந்த ஜன்னல் தொறக்காதுங்க தம்பி."

நடையின் கோடியில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் நின்றது.

"எத்தனை நிமிசம்?"

"எட்டு."

நாட்ராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்தப் பழைய மூச்சுக் கோட்டை அழிக்காமல் தனியே எடுத்து வைத்துத் தருகிறேன் என்று ஜெபசிங் சொன்னான். பெரியவர் வேண்டாம் என்று கையசைத்தார். எண்ணிக்கை தனக்கு மனப்பாடம் என்றார். அணைத்துவிடச் சொன்னார். அவள் இல்லைதான், நிரூபணம் ஆகிவிட்டது என்றார்.

ஜெபசிங் பொத்தானை அழுத்தினான். மூன்று பேரும் நின்றார்கள். பத்து நிமிடம் நீளமாக இருந்தது. கதவின் கண்ணாடியில் வெளிச்சம் அணைந்தது. போனில், பதினான்கு: காலி.

நாட்ராயன் உள்ளே போய்க் கூடையை எடுத்தார். அவருக்காக விளக்கு எரிந்தது. அவர் வெளியே வந்தார். அது அணைந்தது. இரண்டு அடி நடந்தவர் நின்றார். ஏதோ விட்டுவிட்டார் என்று ஜெபசிங் நினைத்தான்.

அவர் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு பக்கக் கதவுகளையும், ஒவ்வொன்றாக.

"எங்க ஆபீசுல," என்றார், "கல்லைத் தப்பா நட்டுட்டான்னு ஒருத்தன் மேல பெட்டிசன் வந்தா, அந்த ஒரு கல்லை மட்டும் பாக்க மாட்டோம். அன்னிக்கு அவன் நட்ட அத்தனையும் தோண்டுவோம்."

பிரமிளா டேப்பைத் தூக்கிக் 'காலி' என்றிருந்த அறைகளைப் பார்த்தாள். பிறகு ஒன்பதாம் அறையின் கண்ணாடியைப் பார்த்தாள். இருட்டு. அடுத்து இருபத்திரண்டு. டேப் அவள் கையிலிருந்து மருந்து வண்டியின் மேல் விழுந்தது. அவள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

நாட்ராயன் அவள் ஓடுவதைப் பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி ஜெபசிங்கின் பக்கம் திரும்பியிருந்தது.

"அந்த ரெண்டு நாள்ல எத்தனை பேரைக் கட்டில்லயே விட்டுட்டுக் காலின்னு எழுதுனீங்க, தம்பி?"